ஓய்வூதியர் சங்க ஆண்டறிக்கை: போட்டோக்கார அய்யாவும் அவருடைய நெகட்டிவ் பெட்டிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமாக நடக்க வேண்டிய வேலைகள் இந்த ஆண்டும் நடந்தன. மாதக் கூட்டம் ஒன்றுகூடத் தவறவில்லை. ஈரோட்டில் நடந்த கண் சிகிச்சை முகாமுக்கு வேன் பிடித்து ஆட்களை அழைத்துப் போய் வந்தோம். குடும்ப ஓய்வூதியம் நின்றுபோயிருந்த இரண்டு வீடுகளுக்கு மனு எழுதி, அலைந்து, திரும்ப வர வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். கார்த்திகை மாதம் நம்மை விட்டுப் போன போட்டோக்கார அய்யாவைப் பற்றிச் சொல்ல நிறைய இருப்பதால், மற்றதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சங்கப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சென்னிமலையில் பாதிப்பேருக்கு வீடு தெரியாது. போட்டோக்கார அய்யா என்றால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் விடும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பவானிசாகர் அணை வேலை 1948-ல் ஆரம்பித்து 1955-ல் முடிந்தபோது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். அப்பா குழித்தறி நெசவாளி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் தறியில் உட்கார மனமில்லாமல் ஈரோட்டில் ஒரு ஸ்டுடியோவுக்கு எடுபிடி வேலைக்குப் போனார். டார்க்ரூமில் டிரே கழுவுவது, படம் கழுவும் ஹைப்போ மருந்தைக் கரைப்பது, கண்ணாடி வழியாக வெளிச்சம் விட்டு நெகட்டிவ் மேல் கூரான பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பது, இப்படி நான்கு வருஷம். அப்புறம்தான் கேமராவை அவர் கையில் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் கிராமத்திலிருந்து ஸ்டுடியோவுக்கு ஆள் வந்தால் பெரும்பாலும் கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் சாவுக்கு. உயிரோடு இருக்கும்போது ஒரு படமும் எடுத்திருக்க மாட்டார்கள். கண்ணை மூடியபிறகு, உடலை எடுப்பதற்கு முன்னால் ஒரு படமாவது வேண்டும் என்று ராத்திரியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார்கள். இவரும் போவார். நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் முதுகோடு கட்டி, பின்னாலிருந்து ஒருத்தர் தலையைத் தாங்கிப் பிடிக்க, அந்தக் கை தெரியாமல் வேட்டியைத் திரைபோலக் கட்டி எடுப்பார்கள். ஸ்டுடியோவுக்கு வந்து பிரிண்ட் போட்டதும், மூடிய இமைமேல் பிரஷ்ஷால் கண் வரைவார்கள். அந்தக் கண் வரையும் வேலை இவருக்கு நன்றாக வந்தது. முதலாளி அதையே திரும்பத் திரும்பக் கொடுத்தார்.

நம் கூட்டம் ஒன்றில் அவரே இதைச் சொன்னார். "ஒரு பாட்டியைப் படம் எடுத்தேனுங்க. பேரன் வந்து பிரிண்டைப் பார்த்தான். 'எங்க ஆத்தா இப்படிப் பார்க்காதுங்க'ன்னான். அவன் சொன்னது சரிதானுங்க. அது நான் வரைஞ்ச பார்வை. அதுக்கப்புறம் பிரஷ்ஷைத் தொட மனசு வரலை." அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டவர்கள் இங்கே பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கொஞ்ச நாளில் பொதுப்பணித்துறையில், பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலில் வேலை கிடைத்தது. ஸ்டுடியோவை விட்டார், கேமராவை விடவில்லை. பழசாக வாங்கிய அக்பா கிளிக் 3 ஒன்று தோள்பையில் எப்போதும் இருக்கும். ஒரு ரோலுக்கு 12 படம். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் காசுக்குப் படம் எடுக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். பிலிம், பேப்பர் எல்லாம் கைக்காசு. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம் வந்தபிறகு செலவு கொஞ்சம் குறைந்தது என்பார்.

வாய்க்கால் வேலை என்றால் என்னவென்று விவசாயக் குடும்பத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 200 கிலோமீட்டர் நீளம், ஈரோடு, திருப்பூர், கரூர் மூன்று மாவட்டம், 2,07,000 ஏக்கர் பாசனம். ஒரு போகத்துக்குப் பாதி, அதாவது 1,03,500 ஏக்கருக்குத்தான் தண்ணீர். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை மாறி மாறி வரும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் திறந்தால் கடைமடைக்காரர்கள் நாளை எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள். மேல்மடையில் எடுத்துக்கொண்டார்கள், எங்களுக்கு வரவில்லை என்று சண்டை வராத வருஷம் கிடையாது. அப்படி ஒரு சண்டையில் இவர் மதகுக் கல்லில் தண்ணீர் நின்ற ஈரக்கோட்டைக் காலையிலும் சாயங்காலமும் படம் எடுத்து, ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுச் சமையலறையில் கழுவி, மறுநாள் காயாத பிரிண்ட்டோடு இரண்டு தரப்பையும் உட்கார வைத்தார். பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் பஞ்சாயத்து என்றாலே, "அய்யா படம் புடிச்சு வச்சிருக்காருங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை வேறு. வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம், வழியில் தென்படுகிற வயசானவர்களை நிறுத்தி ஒரு படம் எடுத்துவிடுவார். களத்தில் இருப்பவர், ஆடு மேய்ப்பவர், பாவடித் திடலில் விடியற்காலையில் நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுகிறவர், யாராக இருந்தாலும் சரி. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பிரிண்ட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். "நான் போய்ச் சேர்ந்தப்புறம் வாங்குங்க சாமி" என்று அவர்கள் சிரித்தால், "அதுக்குத்தான் ஆத்தா இப்பவே எடுக்கறேன்" என்பார்.

என் அம்மாவின் படமும் அப்படி வந்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்தார். அம்மா திண்ணையில் முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்ததும், "இரு கண்ணு, வேற சீலை மாத்தீட்டு வந்தர்றேன்" என்று எழப் போனார். "அப்படியே இருங்க ஆத்தா, வெயில் நல்லா விழுகுது" என்றார் அய்யா. அவ்வளவுதான். படத்தில் அம்மாவின் கட்டைவிரல் நகத்துக்கடியில் கடலைத்தோல் ஒட்டியிருப்பதுகூடத் தெரியும். அம்மா போன அன்றைக்கு யாரையும் தேடி ஓட வேண்டியிருக்கவில்லை. நானாக எடுக்க நினைக்கவே இல்லை என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

1993-ல் தேர்தல் ஆணையம் வாக்காளர்களுக்குப் புகைப்பட அட்டை கொடுக்க உத்தரவிட்டதும் ஊர் ஊராக முகாம் நடந்தது. இவரும் போய் உதவினார். வரிசையில் உட்கார வைத்து வேகவேகமாக எடுத்ததில் பல முகங்கள் கறுப்பாகப் போய்விட்டன என்று வருத்தப்பட்டார். 58 வயதில் ஓய்வு பெற்றபிறகு முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் யாருக்கும் பாஸ்போர்ட் சைஸ் படம் இலவசம் என்று வீட்டு வாசலில் எழுதிப் போட்டார். போன வருஷம் செல்போனில் முகத்தைக் காட்டி வாழ்வுச் சான்று எடுக்கும் முறையில் நம் ஆட்கள் தடுமாறியபோது, 85 வயதில் அவர்தான் ஒவ்வொருவரையும் ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தார். "வெளிச்சம் மூஞ்சியில விழணுமுங்க, முதுகுல விழக்கூடாது." அன்றைக்கு ஒருத்தருக்கும் தவறவில்லை.

ஊரையும் எடுத்து வைத்திருக்கிறார். மலைக்கோயிலின் 1320 படியில் திருமஞ்சனத் தண்ணீர் சுமந்து ஏறும் காளையை ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் எடுத்திருக்கிறார். காளை மாறுகிறது, கூடப் போகிறவர் மாறுகிறார், படி தேய்ந்துகொண்டே வருகிறது. நொய்யலும் இருக்கிறது. ஆற்றில் பெண்கள் துணி துவைக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படமும், 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, வற்றிய தரையில் உப்புப் பூத்துக் கிடக்கும் கலர் படமும் ஒரே கவரில் இருந்தன. அவர் எந்தக் குறிப்பும் எழுதி வைக்கவில்லை. இரண்டும் ஒரே ஆற்றுத்துறையில் எடுத்தது என்பது பின்னால் தெரியும் பாறையை வைத்துத்தான் புரிந்தது.

அவர் மறைந்த பிறகு வீட்டார் பதினான்கு தகரப் பெட்டிகளை நம் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். முதல் பெட்டியைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறியது. பழைய அசிட்டேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கெட ஆரம்பித்தால் இந்த வாசம்தான் வருமாம். சுருங்கும், நெளியும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். கெட்டதைத் தனியே பிரித்து, மீதியைக் காகிதக் கவரில் போட்டு, காற்றாடும் இடத்துக்கு மாற்றினோம். மூன்று பெட்டி முடிந்திருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவரின் பேத்தி சனிக்கிழமைதோறும் வந்து லைட்பாக்ஸில் வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறாள். அவள் எதுவும் வாங்கிக்கொள்ள மறுக்கிறாள். சங்கம் அவளுக்கு நன்றி தெரிவிக்கிறது.

இப்படி ஏற்றியதில் முகம் தெரிந்தவர்களின் படத்தைப் பிரிண்ட் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து வருகிறோம். வெள்ளோடு பக்கம் ஒரு வீட்டில் கொடுத்தபோது, அறுபது வயதுக்காரர் ஒருவர் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கப்பனுக்கு இவ்வளவு முடி இருந்துச்சுங்களா" என்றார். காபி குடிக்காமல் எங்களை விடவில்லை.

வரும் ஆண்டுக்கு மூன்று வேண்டுகோள். மீதிப் பதினோரு பெட்டிக்கு வைக்க ஓர் இரும்பு அலமாரி தேவை. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வந்து முகம் அடையாளம் சொல்ல மூத்தவர்கள் தேவை, குறிப்பாக வாய்க்கால் ஓர ஊர்க்காரர்கள். கடைசியாக, இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது வாசல் மேசையில் வைத்திருக்கும் படத்தைத் தயவுசெய்து பார்த்துவிட்டுப் போங்கள். குழித்தறி விளிம்பில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார், மடியில் கைக்குழந்தை, பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் தேதி தெரியவில்லை. கவரின் மேல் அய்யாவின் கையெழுத்தில் "பிரிண்ட் இன்னும் கொடுக்கவில்லை" என்று இருக்கிறது. யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்