புரோப் வைத்தால் பிழைக்கும் மெஷின்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு, உன் மறதி எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் மாடி அறையே கதி என்று கிடக்கிறேன்.

காரணம், மருமகன் ஜெர்மனியிலிருந்து வாங்கிவந்த கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். 1982-இல் வந்த மாடல். ஆன் செய்தால் நீலத் திரையில் 38911 பைட் காலி என்று ஒழுங்காகச் சொல்லும். ஐந்து நிமிடம் போனால் கண்ட எழுத்தும் திரையில் முளைக்கும், அப்புறம் உறைந்துவிடும். மெமரிதான் என்று முடிவுகட்டி 4164 என்ற மெமரி சிப் எட்டையும் பிடுங்கி, சாக்கெட் போட்டு, புதுசு மாட்டினேன். 128 கால், இரண்டு நாள், கழுத்து வலி. நோய் அப்படியே இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் "முதலில் ஸ்கோப்பை எடுடா, சிக்னலைத் திரையில் பார்" என்று திட்டியிருப்பாய்.

எடுத்தேன். டிராம், அதாவது இந்த மெமரி சிப் சமாசாரம் உனக்குத் தெரியாததில்லை. முகவரி 16 பிட், அதற்கான கால்கள் எட்டுதான். ராஸ் என்ற சிக்னல் இறங்கும்போது வரிசை எண், காஸ் என்ற சிக்னல் இறங்கும்போது பத்தி எண் என்று இரண்டு தவணை. தெருப் பெயரைக் கேட்டுக்கொண்டு, கதவு எண்ணைச் சொல்வதற்குள் தபால்காரர் கிளம்பிவிட்டால்? இந்த போர்டில் வீடியோ சிப் தரும் காஸ்தான் முகவரியை மாற்றிக்கொடுக்கும் 74எல்எஸ்257 சிப் இரண்டையும் பத்தி எண்ணுக்குத் திருப்புகிறது. அதே சிக்னல் பிஎல்ஏ என்ற கட்டுப்பாட்டு சிப் வழியாகச் சுற்றிக்கொண்டு மெமரியின் காஸ் காலான 15-ஆம் காலுக்குப் போகிறது. பிஎல்ஏ தாமதிக்கும் அந்த இடைவெளியில்தான் முகவரி நிலைக்கு வருகிறது.

நம் பழைய 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் இதற்கு உதவவில்லை. அதில் விளிம்பு ஏறவே 17 நானோசெகண்ட் போய்விடும். 100 மெகாஹெர்ட்ஸ் ஒன்றை இரவல் வாங்கினேன். ஒரு சேனல் முகவரிக் காலில், இன்னொன்று 15-இல். அங்கேதான் கூத்து! ஸ்கோப்பின் தொடுமுனையான புரோபை வைத்ததும் மெஷின் ஜம்மென்று ஓடியது. எடுத்தால் சிறிது நேரத்தில் செத்தது. நான்கு முறை செய்து பார்த்தேன். பேய் பிடித்த மெஷினோ என்றுகூடத் தோன்றியது. குனிந்து பார்த்தால், புரோபின் சுவிட்ச், சிக்னலுக்குப் பாரம் அதிகம் ஏற்றும் 1எக்ஸில் இருக்கிறது. அதன் 100 பிகோஃபாரட் சொச்ச மின்தேக்கம் காஸ் விளிம்பை இழுத்துப் பிடித்துத் தாமதப்படுத்தியிருக்கிறது. பாரம் குறைந்த 10எக்ஸுக்கு மாற்றி, நீள கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு, சின்ன ஸ்பிரிங்கை வைத்ததும் நிஜம் தெரிந்தது. காஸ் இறங்கி நாலைந்து நானோசெகண்ட் கழித்துத்தான் முகவரி மாறுகிறது, அதற்குள் மெமரி தப்பான எண்ணை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

பிஎல்ஏவைக் கழற்றிப் பார்த்தேன். முன்பு வைத்திருந்தவர் யாரோ அசலை எடுத்துவிட்டு, 10 நானோசெகண்டில் வேலையை முடிக்கும் இந்தக் காலத்து சிப்பை மாட்டியிருக்கிறார். அசலுக்கு 50 நானோசெகண்ட் வரை அவகாசம் உண்டு. புதுசு, வேகமானது, அதுதான் கோளாறு! சூடேறினால் 257 இன்னும் மந்தமாகும், அதனால்தான் ஐந்து நிமிடக் கணக்கு என்று நினைக்கிறேன்.

இப்போதைக்கு காஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை சாலிடர் செய்திருக்கிறேன். இரண்டு நாளாக நிற்காமல் ஓடுகிறது. ஆனாலும் ஒட்டுப்போட்ட வேலை, எனக்கு மனசு ஒப்பவில்லை. உன் தகர டப்பாவில் 906114-01 என்று எண் போட்ட அசல் பிஎல்ஏ, அந்த 28 கால் சிப், கிடக்கிறதா பார். இருந்தால் பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. கால்கள் வளையாமல் ஃபோமில் குத்தி வை.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி