தாயி, கட்டுரை அனுப்பிட்டியா?

தாயி,

நீ கேட்ட போட்டோ எல்லாம் அனுப்பிட்டேன், ரெண்டு டிக் விழுந்துச்சு, நீலமா மாறல, சரி படிப்பு வேலை இருக்கும்னு விட்டுட்டேன். வாட்ஸ்அப்ல அனுப்புனா படம் மங்கிடும்னு தம்பி சொன்னான், அதனால மெயில்லயும் போட்டிருக்கான், அப்படியே அதுகூட நாலு வரி எழுதலாம்னு நானே டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காத. போன்ல பேசுனா ஆகாதான்னு உங்கம்மா கேக்குறா. போன எடுத்தாத்தானே.

விளக்குத்தூண் படம் காலங்காத்தால எடுத்தது. கடை திறந்துட்டா அங்க நிக்கவே முடியாதுன்னு உனக்குத் தெரியும். நீ கட்டுரை எழுதுற ஆளு, கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துல இருந்து வந்து நம்ம மதுரைய போட்டோ புடிச்ச ட்ரைப் துரை, 1858ல இதே தூண எடுத்த படத்துக்கு பிளாக்பர்ன் நினைவுச் சின்னம்னு பேர் போட்டிருக்காருன்னு நீ சொன்னேல்ல, அந்த பிளாக்பர்ன்தான் கோட்டைச் சுவர இடிச்சு அகழிய மூடி ஊர வெளிய விரிச்ச கலெக்டர், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அந்த வேலையில இருந்த ஆளுங்க பேருதான். இத கட்டுரையில கண்டிப்பா போடு. லண்டன்ல இருக்க வாத்தியாருக்கு இது எங்க தெரியப்போவுது. போட்டுட்டியா? கட்டுரை அனுப்பிட்டியா மொதல்ல?

திருமலை நாயக்கர் மஹால் படம் துரை நின்ன எடத்துல இருந்து எடுக்க முடியல. அவரு வந்தப்ப அது இடிஞ்சு கெடந்த கட்டடம், அதுக்கப்புறம்தான் மெட்ராஸ் கவர்னர் நேப்பியர் பிரபு காலத்துல 1866ல ஆரம்பிச்சு 1872 வரைக்கும் ரிப்பேர் பார்த்தாங்க. அதனால இன்னைக்கு டிக்கெட் வாங்கிட்டு நாம பாக்குறதுக்கும் அவரு படத்துல இருக்கதுக்கும் நெறைய வித்தியாசம். ரிப்பேருக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா இந்த மாதிரி படத்த வச்சுத்தான் சொல்லணும்.

நாங்க கடை போட்டிருந்த மீனாட்சி கோயில் புதுமண்டபத்துல உள்ள வேலை நடக்குது, விட மாட்டேங்குறாங்க, வெளிய நின்னு எடுத்ததுதான். நாங்க எல்லாரும் குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்தப்புறம் என் கடைக்குப் பின்னாடி இருந்த தூணு இப்ப மேல இருந்து கீழ வரைக்கும் தெரியுது தாயி. அழகர் டிரஸ்ஸும் கருப்பசாமி டிரஸ்ஸும் தொங்கவிட்டே மறைச்சு வச்சிருந்த தூணு. துரை எடுத்த அந்த நடைபாதை படத்துல மாதிரியே ஆளில்லாம கெடக்கு, பாக்க ஒரு மாதிரியா இருக்கு.

ஆளில்லாததுன்னதும் ஞாபகம் வருது. கம்பெனிக்காரன் வேணும்னே நம்ம ஜனங்கள விட்டுட்டு கல்ல மட்டும் எடுத்தான்னு எழுதப்போறேன்னு அன்னைக்கு சொன்னே. எனக்கு அது முழுசா சரியா படல. நீ அனுப்புன பிடிஎஃப்ல படிச்சேன், மெழுகு தடவுன பேப்பர்தான் அவருக்கு நெகட்டிவ், வெளிச்சம் அதுல இறங்க ரொம்ப நேரம் ஆகும், அதுவரைக்கும் அசையாம நின்னவன்தான் படத்துல விழுவான், நடந்தவன் காணாமப் போயிடுவான். சித்திரை வீதியில எவன் அசையாம நிப்பான். வானமும் வெறும் வெள்ளையா போயிடும்னு நெகட்டிவ்லயே பிரஷ்ஷால மேகம் வரைஞ்சிருக்காரு. அவ்வளவு பொறுமை இருந்த ஆளு வேணும்னா நாலு பேர நிக்க வச்சும் எடுத்திருக்கலாம்னு நீ சொல்லுவ, அதுவும் நியாயம்தான். கம்பெனிக்கு வேண்டியது கட்டடத்தோட கணக்கு, 1857 கலகம் முடியாத நேரத்துல பெங்களூர்ல இருந்து மாட்டு வண்டியில சாமான ஏத்தி அனுப்புனது சும்மா இல்ல. ரெண்டையும் எழுது. ஒரு பக்கம் மட்டும் எழுதாத.

ஐயாசாமிய விட்டுறாத. மெட்ராஸ் ஓவியப் பள்ளியில இருந்து வந்து அவருக்கு உதவியா இருந்த நம்மாளு. மருந்து கலக்க, பிரிண்ட் போட ஒத்தை ஆளால ஆகுமா. துரை பேருதான் படத்துக்கு கீழ இருக்கு. கட்டுரையில ஒரு பத்தியாவது அந்தாளுக்கு குடு.

பேங்க்ல இருந்து போன் வந்துச்சு. ரெண்டாவது டேர்ம் பீஸ் அனுப்ப உங்க காலேஜ்ல இருந்து ஒரு லெட்டர் வரணுமாம், இன்னும் வரலையாம். அவங்க லேட் பண்ணுவாங்க போலன்னு நானே சொல்லிட்டேன். லேட்தானே?

தஞ்சாவூர் படத்த பத்தி நீ எழுதலைன்னா எனக்கு கோவம் வரும். பெரிய கோயில் அடிச்சுவருல இருக்க கல்வெட்ட சுத்தி சுத்தி எடுத்து 21 துண்ட ஒட்டி ஒரே படமாக்கியிருக்காரு, கிட்டத்தட்ட 19 அடி நீளம். ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேர்ற எடத்துல எழுத்து ஒடையாம வரணும்னா ஒவ்வொரு தடவையும் கேமராவ ஒரே ஒசரத்துல, சுவருல இருந்து ஒரே தூரத்துல வச்சிருக்கணும். கட்டம் போட்ட துணியில தோள் ஜாயிண்ட் அடிக்கிற மாதிரி வேலை அது. அத மியூசியத்துல நேருல பாக்க எழுதி கேட்டிருக்கேன்னு நீ சொன்னப்ப சத்திரம் முழுக்க சொல்லிட்டேன், டெய்லர் மகளுக்கு லண்டன் மியூசியத்துல மேஜை போட்டு எடுத்துக் காட்டுறாங்கன்னு. இப்ப தினம் ஒருத்தர் கேக்குறாங்க, உங்க பொண்ணு என்ன சொல்லுதுன்னு. நான் என்னத்த சொல்ல. நல்லா படிக்குதுங்குறேன்.

அந்த கதையோட கடைசி உனக்கே தெரியும். 1859ல கவர்னரா வந்த ட்ரெவிலியன் இந்த போட்டோ வேலையெல்லாம் நம்ம கஜானாவுக்கு தாங்காத ஆடம்பரம்னு நிறுத்திட்டாரு. அவ்வளவு சாமான், அவ்வளவு ஆளு, எல்லாத்தையும் மூட்ட கட்டியாச்சு. ட்ரைப் திரும்ப பட்டாளத்துக்கே போயிட்டாரு, 1902 வரைக்கும் உசுரோட இருந்தாரு. பாதியில நின்ன வேலைன்னு யாரும் அவர ஏசலியே. எடுத்த மதுரைய பிரிண்ட் போட்டு புஸ்தகமா குடுத்துட்டாரு, இன்னைக்கு நீயும் நானும் அத வச்சு பேசிக்கிட்டிருக்கோம். நான் எதுக்கு சொல்றேன்னா, ஒன்னுமில்ல, விடு.

சாப்பாட்ட நேரத்துக்கு சாப்பிடு. உன்கூட தங்கியிருந்த பொண்ணோட அம்மா கோயில்ல பார்த்தப்ப நீ ரூம் மாறிட்டேன்னு சொன்னாங்க, எங்களுக்கு எப்பயோ தெரியுமேன்னு உங்கம்மா சமாளிச்சுட்டு வந்துட்டா, வீட்டுக்கு வந்து என்கூட பேசல. புது அட்ரஸ் அனுப்பு, பருப்புப்பொடி கட்டி வச்சிருக்கா, பழைய அட்ரஸுக்கு போட்டா வீணாப்போயிடும். நேரத்துக்கு சாப்பிடு.

தெப்பக்குளம் படம் மட்டும் பாக்கி, மைய மண்டபம் முழுசா விழுற மாதிரி எடுக்கணும், ஞாயித்துக்கெழமை தம்பிய கூட்டிட்டு போறேன். கட்டுரைக்கு இன்னும் வேணும்னா சொல்லு. வேணாம்னாலும் சொல்லு, வேணாம்னு ஒரு வார்த்தை போட்டா போதும்.

பேங்க் மேனேஜர் இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்குறேன்னாரு. லெட்டர் வருதுன்னா வருதுன்னு சொல்லு, இனிமே வராதுன்னா அதையும் என்கிட்டயே சொல்லிடு, அவருகிட்ட என்ன பேசணுமோ நான் பேசிக்குறேன். உங்கம்மாட்ட இப்ப சொல்ல வேண்டாம். ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு, சீசன் நேரம், நான் முழிச்சுதான் தச்சுக்கிட்டிருக்கேன்.

அப்பா