உழவு வேண்டாம், பிள்ளை

ஒட்டுசுட்டான்,
புரட்டாதி மாதம்.

அன்பு மகளுக்கு,

மாரிக்கு முன்னர் வளவின் கிழக்குப் பக்கத்தை உழவு இயந்திரம் பிடித்து உழுவித்து, பசளையும் வாங்கிப் போட்டு மரக்கறித் தோட்டம் வைக்கும்படியும், அதற்குக் காசு அனுப்புவதாகவும் சென்ற கிழமை தொலைபேசியில் சொன்னாய். அம்மாவும் நானும் கலந்து பேசி, அந்த நிலத்தை உழுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். காரணத்தை நீ ஆறுதலாக வாசித்து விளங்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நம் செம்மண்ணை நீ அறிவாய். கோடையில் மண்வெட்டி தெறிக்கும்படி இறுகும். மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் புரட்டிப் பொடியாக்கினால், ஐப்பசியின் முதற் பெருமழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போய்விடும். உழவு இயந்திரத்தின் பாரத்தால் கீழ்மண் அமுங்கி, நீரும் வேரும் இறங்க வழியற்றுப் போகும். அத்தோடு அங்கே கோரை மண்டிக் கிடக்கிறது. அதன் கிழங்கை வெட்டிச் சிதறடித்தால் ஒன்று பலவாகும். ஆகவே மண்ணைக் கிளறாமல், அதன் மேலே அடுக்குப் பாத்தி கட்டப் போகிறோம்.

பாத்தியின் வரம்புக்கு எதையும் வாங்கத் தேவையில்லை. யுத்தத்தில் இடிந்த நம் பழைய வீட்டின் கற்களும், மீள்குடியேறியபோது கொட்டிலுக்குப் போட்டிருந்த தகரங்களும் இத்தனை ஆண்டுகளாக வளவின் மூலையில் கிடக்கின்றன. கற்களை அடுக்கி, போதாத இடங்களுக்குத் தகரத்தை நிறுத்தி, வெயிலில் தகரம் கொதித்து வேரைச் சுடாதபடி உட்புறத்தில் பழைய சாக்குகளை வைப்போம். இருபக்கமும் நின்று கையெட்டும்படி அகலம் நான்கு அடிக்கு மேற்படக் கூடாது. வெளியிடங்களில் பழைய இரும்பு பொறுக்கி வரட்டுமா என்று தம்பி கேட்டான்; கண்டிப்பாக மறுத்துவிட்டேன். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியாத நம் முல்லைத்தீவு மாவட்டத்தில், தெரியாத காணியில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடக் கூடாது. உடைந்த அஸ்பெஸ்ரஸ் துண்டுகளையும் சேர்க்க மாட்டோம்; அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

புல்லை அறுத்து அங்கேயே கிடக்க விட்டு, நிலத்தை நன்றாக நனைத்து, கடைகளில் வீசும் காட்போட் பெட்டிகளை விரித்து, ஒட்டுநாடாவை உரித்துவிட்டு, ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் ஒரு சாண் ஏறும்படி பரப்ப வேண்டும். வெளிச்சம் கிடைக்காமற் புல் செத்து அங்கேயே உக்கிவிடும். கோரை மட்டும் காட்போட்டைத் துளைத்துக்கொண்டு வரும். அதை முளையிலேயே விடாமற் கிள்ளிக் கிழங்கைக் களைக்கச் செய்ய வேண்டும். காட்போட்டின் மேல் நீரைப் பிடித்து வைக்கத் தேங்காய்ப் பொச்சு, அதன்மேல் மாட்டெரு, பிறகு வேலியில் உயிர்மரமாக நிற்கும் கதிகாலில் வெட்டும் சீமைக்கிளுவைக் குழையும் பூவரசங் குழையும், அதன்மேல் வைக்கோலும் சருகும் என்று மாறி மாறி இரண்டு அடி உயரம்வரை அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து, கடைசியில் உக்கிய எருவோடு குளத்து வண்டலைக் கலந்து மூட வேண்டும். உக்குவதற்கு நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 25 முதல் 30 பங்குவரை இருப்பது நல்லது. காய்ந்ததை மட்டும் குவித்தால், அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய நைதரசனை எடுத்துக்கொள்ளும், கன்று மஞ்சளாகும். அதனாற்தான் எருவும் பச்சைக் குழையும் இடையிடையே வேண்டியிருக்கின்றன. களைநாசினி அடித்த வயலின் வைக்கோலை எடுக்க மாட்டேன். சில களைநாசினிகளின் மிச்சம் தக்காளியைச் சுருட்டிவிடும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து, ஒரு பை யூரியாவுக்குச் சனம் அலைந்த காலத்திலும், அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் எரிந்துகொண்டிருந்ததைக் கண்டு நெஞ்சு பதைத்தேன். மண்ணுக்குத் திரும்ப வேண்டிய உணவு அது.

மழை தொடங்குமுன் அடுக்கி முடித்தால், நனைக்கும் வேலையின் பெரும்பகுதியை மாரியே செய்துவிடும். உக்க உக்கப் பாத்தி பாதியளவுக்கு இறங்கும். மேலே மேலே போட்டுக்கொண்டே இருக்கலாம். முதற் போகத்தில் கிழங்கு வகை வேண்டாம்; கத்தரி, மிளகாய், வெண்டி, பூசணி ஆகியவற்றை, சிறு குழியில் உக்கிய எரு நிரப்பி அதில் நடுவோம். கறையானுக்குக் காட்போட்டும் வைக்கோலும் பிடித்த தீனி என்பதால் பாத்தியை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளியே கட்டுகிறோம். ஈரம் காயவும் விடமாட்டோம். நீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகாதபடி பொச்சு முழுவதையும் எருவால் மூடிவிடுவேன்.

நீ அனுப்ப நினைத்த காசு முழுவதும் தேவையில்லை. மயிலும் கட்டாக்காலி மாடும் இப்போது கூடுதலாக வருகின்றன. கிழக்கு வேலியில் கதிகால் பட்டுப்போன இடங்களை அடைக்க முட்கம்பி வாங்கும் அளவுக்கு மட்டும், ஐப்பசி பிறக்குமுன் அனுப்பு.

அன்புடன்,
அப்பா