அந்தத் துணிகளைக் கொடுத்துவிடாதே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் வேலை மாற்றம், புது வீடு, பேத்தி நடக்கத் தொடங்கியது எல்லாம் படித்து மனம் நிறைந்தது. கட்டைவிரல் மூட்டு வலியால் ஊசி பிடிக்க முடியவில்லை, சேர்த்து வைத்த துண்டுத் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. தயவுசெய்து கொடுத்துவிடாதே. நான் சில மாதங்களாக ஊசியே தொடாமல், துண்டுத் துணிகளை இணைத்து விரிப்பாகத் தைப்போமே அந்த குவில்ட் வடிவங்களில் வாழ்த்து அட்டை செய்துகொண்டிருக்கிறேன். உனக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தையலுக்குப் பதில் இங்கே வேலை செய்வது ஃப்யூசிபிள் வெப். ஒரு பக்கம் காகிதம் ஒட்டிய மெல்லிய பசை வலை அது. சூடு பட்டால் பசை உருகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். இதில் இரண்டு வகை உண்டு. மேலே மறுபடி தையல் போடுவதற்கென்று மெல்லியது ஒன்று, தையலே வேண்டாதவர்களுக்குக் கனமானது ஒன்று. உனக்குக் கனமானதுதான். முதலில் துணியின் பின்பக்கத்தில் இதை இஸ்திரி போட்டு ஒட்டு, நன்றாக ஆறவிடு, பிறகு வெட்டு. பசை இழைகளைப் பிடித்துக்கொள்வதால் ஓரம் எளிதில் பிரியாது. வெட்டிய பிறகு காகிதத்தை உரித்து, இடம் பார்த்து வைத்து, மறுபடி சூடு கொடு. இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து அழுத்தி எடு, இழுத்தால் துண்டுகள் நகர்ந்துவிடும். எவ்வளவு சூடு, எத்தனை நொடி, நீராவி வேண்டுமா என்பதெல்லாம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். உறையில் அச்சிட்டிருப்பதை அப்படியே பின்பற்று. அதிக நேரம் சூடு கொடுத்தால் பசை துணிக்குள் இறங்கிப் பிடிப்பு போய்விடும்.

இன்னொன்று. காகிதப் பக்கம் வரைந்து வெட்டினால் வடிவம் இடம் வலம் மாறி வரும். சதுரத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. பின்வீல் என்னும் காற்றாடி மாதிரி சுழலும் வடிவங்களுக்கும் எழுத்துக்கும் திருப்பி வரைய வேண்டும்.

இனி நான் மிகவும் ரசிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தையலில் நாம் ஒவ்வொரு ஓரத்துக்கும் கால் அங்குலம் விட்டே வெட்டிப் பழகியவர்கள். முடிவில் 1 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் ஒன்றரை அங்குலம் வெட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பார், துணியில் பாதிக்கு மேல் தையலுக்குள் மறைந்துபோகிறது. ஒட்டும்போது அந்தக் கணக்கே இல்லை, கண்ணுக்குத் தெரியும் அளவுதான் வெட்டும் அளவு. மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து தடிப்பதும் இல்லை. அதனால் தையலில் நினைத்தே பார்க்காத சின்ன அளவுகளை இங்கே தொடலாம். நீ தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருக்கும் விரல் அகலத் துண்டுகளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மரக்கட்டை அடுக்கிக் கட்டிய வீட்டின் பெயர் கொண்ட லாக் கேபின் வடிவத்தில் தொடங்கு. நடுவில் 1 அங்குலச் சதுரம். சுற்றிலும் அரை அங்குல அகலப் பட்டைகள், இரண்டு சுற்று. முதல் சுற்றுக்கு 1, ஒன்றரை, ஒன்றரை, 2 அங்குல நீளம். அடுத்ததற்கு 2, இரண்டரை, இரண்டரை, 3. முடித்தால் சரியாக 3 அங்குலச் சதுரம். ஒரு மெல்லிய வெள்ளைத் துணியில் 3 அங்குலக் கட்டம் வரைந்து, நடுவிலிருந்து வெளியே அடுக்கிக்கொண்டு வா. ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு பட்டை வெளிர், அடுத்த இரண்டு அடர்த்தி. மூலைக்கு மூலை வெளிச்சமும் நிழலுமாகக் கட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். 1860களில் அமெரிக்காவில் மிகவும் பரவிய வடிவம் இது. நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைத்து அதை வீட்டின் கணப்பு நெருப்பு என்று சொல்வது மரபு. நான் செய்த அட்டைகளிலும் சிவப்பு வைத்தவைதான் உயிரோடு இருக்கின்றன.

நிறத்தைவிட அடர்த்திதான், அதாவது எவ்வளவு வெளிர், எவ்வளவு இருட்டு என்பதுதான் முக்கியம் என்பதை இந்த வேலை எனக்கு நன்றாகப் புரியவைத்தது. நீலமும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறாகத்தான் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே அடர்த்தி என்றால் கை நீட்டும் தூரத்தில் வடிவம் கலைந்துபோகும். துண்டுகளை அடுக்கிவிட்டு, ஒட்டுவதற்கு முன் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார். எது முன்னால் வருகிறது, எது பின்னால் போகிறது என்று உடனே தெரிந்துவிடும். பெரிய பூப்போட்ட துணி அரை அங்குலப் பட்டையில் வெறும் கறையாகிவிடும், பொடி அச்சு எடு.

கை பழகிய பிறகு ஓஹயோ ஸ்டார் என்னும் நட்சத்திர வடிவம் செய். 3 அங்குலச் சதுரத்தில் ஒன்பது கட்டம், ஐந்து முழுச் சதுரம், மற்ற நான்கும் மூலைக்கு மூலை இரண்டு முறை குறுக்கே வெட்டிய முக்கோணங்களால் ஆனவை. தையலில் அந்த முனைகள் மழுங்காமல் வரவேண்டுமே என்று எத்தனை பொழுது பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறோம்! இங்கே முனை எங்கே முடிய வேண்டுமோ அங்கே வைக்கிறாய், அவ்வளவுதான்.

இது நிஜ குவில்ட் இல்லை என்று நீ சொல்வாய், தெரியும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த உடுப்புகளைக் கிழித்து, கோடு வளைந்தால் வளையட்டும் என்று இணைத்தார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர்களுடைய குவில்ட்களைப் பத்து தபால்தலைகளாக வெளியிட்டது. கட்டை விரல் அளவுத் தாளில், நூலும் பஞ்சும் இல்லாமல், அந்த வடிவங்கள் அப்படியே நின்றன. துணியைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும் பக்கத்தில் எதை வைப்பது என்ற முடிவும்தான் நம்முடைய கலை. அது உன்னிடம் என்னைவிட அதிகம், நாம் சேர்ந்து தைத்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம், திறந்து மூடுவது விரலை வாட்டும். உருட்டி வெட்டும் வட்டக் கத்தியான ரோட்டரி கட்டரும் கனமான அளவுகோலும் போதும். வலிக்கிற நாளில் பேத்தியின் அம்மாவைப் பட்டை வெட்டித் தரச் சொல், அடுக்குவதை மட்டும் நீ செய்.

அட்டைக்கு ஏ5 அளவுக் கனத் தாளை மடித்தால் ஏ6 வரும், சி6 உறையில் சரியாக உட்காரும். 3 அங்குலக் கட்டத்துக்கு இருபுறமும் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் இடம் மிஞ்சும். முடித்த கட்டத்தை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டு, தாளுக்கு மேல் இஸ்திரி வைத்தால் வளைந்துகொள்ளும். பிறகு ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வை.

இந்த உறைக்குள் ஃப்யூசிபிள் வெப் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அந்தப் பழைய மஞ்சள் வாயில் (voile) துணி இன்னும் உன்னிடம் இருந்தால் ஒரு கையகலம் எனக்கு அனுப்பு. வெளிர் பக்கத்துக்கு அப்படி ஒரு மஞ்சள் என்னிடம் இல்லை.

அன்புடன்,
உன் தோழி