கையெழுத்துக்கு முன்னர் சொல்லுங்கள்: திருகோணமலையில் சோலர் பூட்டும் கொம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா, கிண்ணியா என்று வீடு வீடாக வருகிறீர்கள். கையில் விலைப்பட்டியல், அதில் 'நாலைந்து வருடத்தில் போட்ட காசு திரும்பி வரும்' என்ற வரி கொட்டை எழுத்தில். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்த ஊரில் ஒவ்வொரு கூரையிலும் சோலர் ஏற வேண்டும் என்று விரும்புகிறவன் நான். மின்வேலையிலேயே காலம் கழித்தவன் என்பதால், முற்பணம் கட்டிய பிறகு அயலவர்கள் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நான் வாசித்துச் சொல்லச் சொல்ல, "இதை அவங்கள் எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்கிறார்கள். அப்படிச் சொல்லாமல் விட்டதையெல்லாம் காசு வாங்குவதற்கு முன்னர், தமிழில், எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கரண்ட் வெட்டிலிருந்து தொடங்குகிறேன். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்த சனம் இது. சோலர் பூட்டினால் இனி வெட்டே தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நீங்கள் திருத்துவதில்லை. பற்றரி இல்லாத சாதாரண சோலர், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர்மேல் கூரையிலிருந்து வரும் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்வேர்ட்டருக்குள், அதாவது பெனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டிக்குள், வைத்திருக்கும் பாதுகாப்பு அது. அவசியமான பாதுகாப்புத்தான். ஆனால் கூரை நிறையப் பெனல் இருக்க, உச்சி வெயிலில் மின்விசிறி சுற்றாமல் நிற்கும்போதுதான் அதை ஒருவர் அறிய வேண்டுமா? வெட்டிலும் வீடு ஓட வேண்டுமென்றால் பற்றரியோடு சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றரியும் தேவை. இரண்டு விலையையும் ஒரே தாளில் போட்டுக் காட்டுங்கள். எது வேண்டும் என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

கரண்ட் இருந்தும் சோலர் நிற்கும் கதை வேறு. உப்புவெளிப் பக்கம் ஒரு பிள்ளை பங்குனி வெயிலில் என்னைக் கூப்பிட்டாள். "மாமா, வெயில் நெருப்பா எரியுது, பெட்டியில சிவப்பு லைற் பத்துது." இன்வேர்ட்டரின் சின்னத் திரையில் வோல்ற்றேஜ் கூடிவிட்டது என்ற செய்தி. மீற்றரை வைத்துப் பார்த்தேன், 250ஐத் தாண்டி நின்றது. கொஞ்ச நேரத்தில் தானாக ஓடத் தொடங்கியது, திரும்பவும் நின்றது. பூட்டினவர்கள் "அது எங்கட பொறுப்பில்ல" என்று போனை வைத்துவிட்டார்களாம். எங்கள் விநியோகம் 230 வோல்ற். கூடக்குறைய 6 வீதம், அதாவது 216 தொடக்கம் 244 வரை. ஒரே ட்ரான்ஸ்போமரில் பல வீடுகள் சோலர் பூட்டி, பகலில் எல்லோரும் வெளியே தள்ள, எடுப்பதற்கு ஆளில்லாவிட்டால், லைனின் கடைசி வீடுகளில் வோல்ற்றேஜ் ஏறும், இன்வேர்ட்டர் ஓடாது. அந்த நேரத்து உற்பத்தி போனது போனதுதான். வங்கித் தவணை மட்டும் நிற்காது. அளக்க வரும் நாளிலேயே நண்பகலில் வோல்ற்றேஜைப் பாருங்கள். ட்ரான்ஸ்போமர் எவ்வளவு தூரம், அதில் இன்னும் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இன்வேர்ட்டரிலிருந்து மீற்றர் வரை மெல்லிய வயர் இழுத்துக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், அதுவும் வோல்ற்றேஜைக் கூட்டும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்பாவனை குறைந்ததால், கூரைச் சோலரைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. இனியும் அப்படிக் கேட்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

விலைக் கணக்கிலும் நேர்மை வேண்டும். கூரைச் சோலர் கரண்டைக் காசுக்கு வாங்கும் திட்டம் 2016இல் தொடங்கியபோது, மின்சார சபை கொடுத்தது ஓர் அலகுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, மிச்சம் 13 வருடம் 15.50 ரூபா. 2022இல் 37 ரூபா. பிறகு 27. 2025இல் சிறிய வீட்டுத் தொகுதிகளுக்கு 20 ரூபாவை ஒட்டி இறங்கிவிட்டது. ஒப்பந்தம் எழுதும் காலத்து விலைதான் அந்த வீட்டுக்கு. 37 ரூபாவுக்கு எழுதிய பக்கத்து வீட்டுக்காரரின் பில்லைக் காட்டி இன்றைக்கு ஒருவரைச் சேர்ப்பது பொய் சொல்வதற்குச் சமம். பகலில் வீட்டில் ஆளில்லாத குடும்பத்துக்கும், பகல் முழுக்கத் தையல் மெஷினும் ஐஸ்பெட்டியும் ஓடும் வீட்டுக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. ஒப்பந்தம் எந்த வகை என்பதையும் சொல்லுங்கள். நெற் மீற்றரிங் என்றால் மிச்ச அலகு அடுத்த மாதத்துக்குப் போகும், காசு வராது. நெற் அக்கவுண்டிங் என்றால் மிச்சத்துக்குக் காசு. நெற் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதையும் விற்று, பாவித்ததற்குத் தனியாகப் பில் கட்டுவது. இவ்வளவையும் விளங்கப்படுத்த ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் போதும்.

இனி உப்புக் காற்று. இதைத்தான் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள், எனக்கு ஆகக் கூடுதல் கவலையும் இதில்தான். கடலோர வீடுகளில் யன்னல் கம்பியே நாளாவட்டத்தில் உதிர்ந்துபோகும். அங்கே சாதாரண நட்டும் போல்ட்டும் போட்டுப் பெனல் பூட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாரி கழிவதற்குள் போல்ட்டின் தலையைச் சுற்றிக் கறள் வழிந்து, ஸ்பானர் பிடிக்க இடமில்லாமல் போய்விட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள், பெனலைத் தாங்க அலுமினியத் தண்டவாளம் போடுங்கள். பெனலுக்கு உப்புக் காற்றுச் சோதனைச் சான்று, அதாவது ஐஈசி 61701, இருக்கிறதா என்று காட்டுங்கள். சில இன்வேர்ட்டர்களின் உத்தரவாதப் பத்திரத்தில், கடலிலிருந்து 500 மீற்றருக்குள் வெளிச்சுவரில் பூட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. டச்சுக்குடாவிலோ உப்புவெளிக் கரையிலோ வீடு வைத்திருப்பவருக்கு அது தெரியுமா? '10 வருட உத்தரவாதம்' என்று சொன்ன அதே வாயால் இதையும் சொல்லுங்கள்.

கூரையில் ஏறும் தம்பிமாருக்கும் ஒரு சொல். அஸ்பெஸ்டஸ் சீற்றில் துளை போடுவதானால் மேட்டில் போடுங்கள், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் வேண்டாம். துளைக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. முகமூடி போடுங்கள், சீற்றை நனைத்துத் துளையுங்கள், கீழே நிற்கும் பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள். ஓட்டுக் கூரையென்றால் கைமரத்தில் கொக்கியை இறுக்குங்கள், சிலாகை தாங்காது. மிதித்து உடைத்த ஓட்டைச் சிலிக்கன் பூசி மறைத்துவிட்டுப் போனால் ஐப்பசியில் கட்டில்மேல்தான் ஒழுகும். ஒரு 5 கிலோவாட் தொகுதிக்கு 550 வாட் பெனல் 9 வேண்டும். ஏறத்தாழ 250 சதுர அடி இடம், பெனலின் பாரம் மட்டுமே 240 கிலோவுக்கு மேல். பழைய மரம் அதைத் தாங்குமா என்று தச்சுவேலை தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில்தான் கரையேறியது. கூரை விளிம்பு வரை பெனலை இழுத்து வைத்தால் காற்று அடியில் புகுந்து தூக்கும். ஒரு பெனல் குறைந்தாலும் பரவாயில்லை, விளிம்பில் இடைவெளி விடுங்கள்.

எர்த் விசயம் சுருக்கமாக: எங்கள் மணல் நிலம் கோடையில் காய்ந்தால் எர்த் கம்பி பெயருக்குத்தான் நிற்கும். எர்த்தின் தடையை ஓம்ஸில் அளந்து, அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். இடிமின்னலில் திடீரென ஏறும் வோல்ற்றேஜைத் தடுக்கும் சேர்ஜ் பாதுகாப்பை, விலையைக் குறைப்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

உற்பத்தியையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒரு கிலோவாட்டுக்கு மாதம் சராசரி 110, 120 அலகு என்பது நியாயமான எதிர்பார்ப்பு. வாடைக்காலத்து முகிலில் அது குறையும். கச்சான் காலத்தில் வெயில் கூட என்றாலும் பெனல் 60 பாகைக்கு மேல் சுடும். பெனலில் எழுதியிருக்கும் வாட் 25 பாகைக்குரியது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.3, 0.4 வீதம் குறைந்துகொண்டே போகும். தென்னை ஓலையின் நிழலோ தண்ணித் தாங்கியின் நிழலோ ஒரு பெனலில் விழுந்தால் அதோடு தொடுத்திருக்கும் மற்றவற்றின் உற்பத்தியும் குறையும். கழுவுவது விடியற்காலையில், நல்ல தண்ணீரில். உவர்க் கிணற்றுத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் படையாக ஒட்டிக்கொள்ளும் என்பதை இங்கே கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மீற்றர் மாற்றும் வரைக்கும் தொகுதியை ஓட விடாதீர்கள். சில பழைய மீற்றர்கள் வெளியே போகும் அலகையும் வீட்டுச் செலவாகவே எண்ணும். விண்ணப்பம், அனுமதி, பரிசோதனை, மீற்றர், ஒப்பந்தம் என்று நாள் எடுக்கும். 'அடுத்த கிழமையே பில் பூச்சியம்' என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு ஒளிந்து திரிவதைவிட, மாதக்கணக்கில் ஆகலாம் என்று முதலே சொன்னால் சனம் பொறுத்துக்கொள்ளும்.

20 வருட ஒப்பந்தம் இது. ஆனால் பழுது என்றால் கொழும்பிலிருந்து ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. திருகோணமலையிலேயே தமிழ் பேசும் ஒரு தொழில்நுட்பவியலாளரை வையுங்கள். அவருடைய இலக்கத்தை இன்வேர்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். பிரேக்கரையும் இன்வேர்ட்டரையும் எந்த ஒழுங்கில் நிறுத்த வேண்டும் என்று, வீட்டிலிருக்கும் அம்மா தனியே செய்யும் அளவுக்குச் செய்து காட்டிவிட்டுப் போங்கள். ஏற்கெனவே பூட்டிய வீடுகளுக்கு இந்த மாரி தொடங்குவதற்கு முன்னர் ஒருமுறை வாருங்கள். போல்ட்டும் எர்த்தும் சிலிக்கனும் பார்த்து, பார்த்ததை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு மின்தொழிலாளி