லார்ட்ஸ், மான்செஸ்டர், ஓவல்: ஒரு பதில் கடிதம்

திருச்சிராப்பள்ளி,
செப்டம்பர் 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், பேத்தி பள்ளிக்கு அழாமல் போகத் தொடங்கிவிட்டதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கு எல்லோரும் நலம். மூட்டு வலி மட்டும் என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் இருக்கிறது. முதல் பத்தியில் இவற்றையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, எஞ்சிய ஐந்து பக்கங்களையும், இங்கிலாந்துக்கு எதிரான இந்த ஆண்டின் டெஸ்ட் தொடரில் லார்ட்ஸில் அடித்து ஆடாமல் தடுத்தாடியே ஆட்டத்தைக் கோட்டைவிட்டார் என்று ரவீந்திர ஜடேஜாவின் மீதான குற்றப்பத்திரிகையாகவே நீ எழுதியிருப்பதால், நானும் நேராக அதற்கே வருகிறேன். பொறுமையான ஆட்டத்துக்குப் பேர்போன புஜாரா ஓய்வை அறிவித்த செய்தியையும் சேர்த்து, ‘கட்டை போடும் (தடுத்தே ஆடும்) காலம் முடிந்தது’ என்று நீ தீர்ப்பே வழங்கிவிட்டாய். அந்தத் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு இது.

ஜூலை 14 அன்று லார்ட்ஸில் நடந்ததை முதலில் பார்ப்போம். இந்தியாவின் வெற்றிக்குத் தேவை 193 ரன்கள். நான்கு விக்கெட்டுக்கு 58 என்ற நிலையில் காலை ஆட்டம் தொடங்கியது. ரிஷப் பந்த், ராகுல், வாஷிங்டன் சுந்தர் மூவரும் சிறிது நேரத்திற்குள் வெளியேற, ஏழு விக்கெட்டுக்கு 82 ஆயிற்று. உணவு இடைவேளை நெருங்கும்போது நிதீஷ் ரெட்டியும் போய், எட்டு விக்கெட்டுக்கு 112. அங்கிருந்து பும்ராவையும் பிறகு சிராஜையும் மறுமுனையில் வைத்துக்கொண்டு ஜடேஜா அணியை 170 வரை இழுத்து வந்தார். 181 பந்துகளில் 61 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அணி 22 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அவர் முன்பே அடித்து ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்பது உன் வாதம்.

அந்தக் கடைசி இரண்டு விக்கெட்டுகளும் எப்படி விழுந்தன என்பதை நீ எழுதாமல் விட்டுவிட்டாய். 54 பந்துகள் பொறுமை காத்த பும்ரா, இங்கிலாந்துக் கேப்டன் ஸ்டோக்ஸின் பந்தைத் தூக்கி அடிக்கப் போய் கேட்ச் கொடுத்தார். சிராஜோ 30 பந்துகளைச் சமாளித்தவர். சுழற்பந்து வீச்சாளர் பஷீரின் பந்தை மட்டையின் நடுவில் வாங்கிச் சரியாகவே தடுத்தார், அது தரையில் பட்டுச் சுழன்று உருண்டுபோய் ஸ்டம்பில் மோதி பெயிலைத் தட்டிவிட்டது. அடித்தவரும் போனார், தடுத்தவரும் போனார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த ஒரு முறைக்கும் வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் எட்டு விக்கெட்டுக்கு 112 என்ற இடத்தில் ஜடேஜா உன் விருப்பப்படி மட்டையைச் சுழற்றியிருந்தால், 22 ரன் தூரத்தைப் பற்றி நாம் இன்று விவாதிக்கும் வாய்ப்பே பெரும்பாலும் இருந்திருக்காது. நிலைத்து நிற்கும் ஒரே மட்டையாளருக்கு ஃபீல்டர்களை எல்லைக் கோட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓவரின் கடைசி ஓரிரு பந்துகளுக்கு மட்டும் அவர்களை நெருக்கி அழைத்துக்கொள்வதுதான் இத்தகைய நேரத்தில் எந்தக் கேப்டனும் செய்வது. அப்போது ஒவ்வொரு பெரிய அடியும் ஃபீல்டரின் தலைக்கு மேல் போயாக வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் உன்னோடு உடன்படுகிறேன். பஷீர் விரல் முறிந்த நிலையில் பந்துவீசிக்கொண்டிருந்தார், பந்தும் பழையது, இன்னும் சில ஓவர்களில் இரண்டாவது புதிய பந்தை எடுக்கும் உரிமை இங்கிலாந்துக்கு வந்துவிடும். இந்திய இன்னிங்ஸ் 74.5 ஓவரில் முடிந்தது, புதிய பந்து 80 ஓவருக்குப் பிறகு. ஆகவே கடைசி அரை மணி நேரத்தில், அதுவும் அந்தச் சுழற்பந்து வீச்சாளரிடம், ஜடேஜா ஒரு படி கூடுதலாகத் துணிந்திருக்கலாம். இதை நான் மறுக்கவில்லை. இது நேரத்தைக் கணிப்பது பற்றிய குறை. அவர் ஆடிய முறையின் குறை அல்ல.

மேலும், நீ போற்றிப் பாடும் ‘பாஸ்பால்’ அணி, அதாவது அதிரடி ஆட்டத்தையே கொள்கையாகக் கொண்ட இங்கிலாந்து, அதே லார்ட்ஸில் முதல் நாள் என்ன செய்தது? 2022இல் ராவல்பிண்டியில் ஒரே நாளில் 75 ஓவரில் 506 ரன் குவித்தவர்கள், இங்கே 83 ஓவர் ஆடி நான்கு விக்கெட்டுக்கு 251 எடுத்தார்கள். ரூட் 99 ரன்னோடு இரவு உறங்கப் போனார். ராவல்பிண்டியின் ஆடுகளம் வேறு, லார்ட்ஸின் ஆடுகளம் வேறு என்பது ஸ்டோக்ஸுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ரசிகர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

அடுத்தது மான்செஸ்டர். உன் கடிதத்தில் இந்த டெஸ்டுக்கு ஒற்றை வரிதான் இடம் கிடைத்திருக்கிறது: ‘தூங்கி வழிந்த டிரா.’ இங்கிலாந்து 669 ரன் குவித்து 311 ரன் முன்னிலை பெற்றிருந்தது. இந்தியாவின் இரண்டாம் இன்னிங்ஸின் முதல் ஓவரிலேயே இங்கிலாந்தின் வோக்ஸ் ஜெய்ஸ்வாலையும், அடுத்த பந்தில் நம் சாய் சுதர்சனையும் வெளியேற்ற, ஸ்கோர் பலகையில் ரன் எதுவும் இல்லாமல் இரண்டு விக்கெட்டுகள். அங்கிருந்து கில் 238 பந்துகளில் 103, ராகுல் 230 பந்துகளில் 90, பிறகு ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் பிரியாமல் 203. மொத்தம் 143 ஓவர்கள், நான்கு விக்கெட்டுக்கு 425. சதத்தை நெருங்கிக்கொண்டிருந்த இருவரிடமும் ஸ்டோக்ஸ் ஆட்டத்தை டிராவாக முடித்துக் கை குலுக்கிக் கிளம்பலாம் என்று கேட்டபோது அவர்கள் மறுத்தது பெரிய சர்ச்சையானது. எனக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. அத்தனை மணி நேரம் உழைத்தவர் தன் கூலியை வாங்கிக்கொண்டு போவதில் என்ன குற்றம்?

நான் உன்னிடம் வலியுறுத்த விரும்புவது அதற்குப் பிறகு நடந்ததை. மான்செஸ்டர் ஆட்டம் ஜூலை 27இல் முடிந்தது. ஓவல் டெஸ்ட் 31இல் தொடங்கியது. ஓவலில் தோள்பட்டைக் காயத்தால் ஸ்டோக்ஸ் இல்லை, வேகப்பந்து வீச்சாளர்கள் ஆர்ச்சரும் கார்ஸும் இல்லை. வோக்ஸ் முதல் நாளே ஃபீல்டிங்கில் விழுந்து தோளைப் பிசகிக்கொண்டார். இவை எல்லாவற்றுக்கும் அந்த 143 ஓவர்களே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு டெஸ்ட் ஆட வேண்டிய பந்துவீச்சாளர்களை ஐந்தாம் நாள் மாலை வரை ஓட வைத்ததற்கு ஒரு விலையும் இல்லை என்று யார் சொல்வார்? பொறுமையாக ஆடுகிறவரின் சம்பாத்தியம் பெரும்பாலும் இன்னொருவரின் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது, சில நேரங்களில் இன்னொரு ஆட்டத்தில். நூறு பந்துக்கு எத்தனை ரன் என்று காட்டும் ஸ்டிரைக் ரேட் என்னும் எண்ணில் அந்த வரவு தெரியவே தெரியாது.

2021 ஜனவரியை நினைத்துப் பார். சிட்னியில் ஆஸ்திரேலியா வைத்த 407 ரன் இலக்கு. பந்த் 118 பந்துகளில் 97 அடித்தபோது வெற்றி வாசனை வந்தது. அவரும் 205 பந்துகளில் 77 எடுத்த புஜாராவும் போன பிறகு, தொடையில் காயம்பட்டு ஓட முடியாத விஹாரியும், முதுகு வலியோடு நின்ற அஷ்வினும் 40 ஓவருக்கு மேல் நின்று தோல்வியைத் தடுத்தார்கள். விஹாரி 161 பந்துகளில் 23. இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் நீ சிரிப்பாய். இந்தியா அந்த இன்னிங்ஸில் 131 ஓவர் ஆடியது. நான்கு நாள் கழித்து, கம்மின்ஸ், ஹேசில்வுட், ஸ்டார்க், லயன் என்ற அதே நால்வரும் பிரிஸ்பேனில் மீண்டும் இறங்கினார்கள். அங்கே கடைசி நாளில் புஜாரா 211 பந்துகளில் 56. உடம்பில் பத்து முறைக்கு மேல் பந்து பட்டது. ஒரு முனையை அவர் அடைத்து நின்றதால்தான் கில் மறுமுனையில் 91 ரன்களைத் தயக்கமில்லாமல் அடிக்க முடிந்தது. இரண்டாவது புதிய பந்து வந்ததும் கம்மின்ஸிடம் புஜாரா விழுந்தபோது, எதிரில் நின்ற ரிஷப் பந்த்துக்குக் கிடைத்தவர்கள் ஒரு மாதமாக ஓடிக் களைத்த பந்துவீச்சாளர்கள். 138 பந்துகளில் 89 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்று வென்று தந்த பந்த் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வருகிறார், வர வேண்டியவர்தான். அந்தத் தொடரில் 271 ரன்னுக்காக 928 பந்துகளைச் சந்தித்த புஜாராவை அப்படிக் காட்ட முடியாது. காட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, நான் அதிரடிக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடாதே. 2008 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து 387 ரன் இலக்கு வைத்தபோது, நான்காம் நாள் மாலையில் சேவாக் 68 பந்துகளில் அடித்த 83 ரன்தான் அந்த ஆட்டத்தை மாற்றியது என்பதில் எனக்கும் ஐயமில்லை. அவர் சம்பாதித்துக் கொடுத்த நேரத்தில்தான் மறுநாள் டெண்டுல்கர் 196 பந்துகளை நிதானமாக ஆடி 103 எடுக்க முடிந்தது. இங்கே வரவு எதிர்த்திசையில் போகிறது.

ஓவலில் இங்கிலாந்தின் ஹாரி புரூக்கை நீ முட்டாள் என்கிறாய். அதையும் ஏற்க மாட்டேன். மூன்று விக்கெட்டுக்கு 106 என்ற நிலையில் வந்து 98 பந்துகளில் 111 எடுத்தவர் அவர். 374 என்ற இலக்கை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்ததே அந்த ஆட்டம். இன்னொரு பெரிய அடிக்குப் போய் மட்டை கையை விட்டுப் பறக்க ஆட்டமிழந்தார் என்பதற்காக முந்தைய 97 பந்துகளை அழித்துவிட முடியாது. என் குறை அவருடைய அணியின் பெத்தலின் மீது. 31 பந்துகளில் 5 ரன் எடுத்துத் திணறியவர், திடீரென்று இறங்கி வந்து கண்ணை மூடிக்கொண்டதுபோல் மட்டையைச் சுழற்றி ஸ்டம்பை இழந்தார். அது பொறுமையும் இல்லை, தாக்குதலும் இல்லை. பொறுக்க முடியாமல் போனது, அவ்வளவுதான். இங்கிலாந்து 6 ரன்னில் தோற்றது.

அந்த 6 ரன்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வாஷிங்டன் சுந்தர்தான் நினைவுக்கு வருகிறார். மான்செஸ்டரில் 206 பந்துகளில் 101 எடுத்த அதே சென்னைப் பையன், ஆறு நாள் கழித்து ஓவலில், கடைசி விக்கெட்டுக்குப் பிரசித் கிருஷ்ணா மட்டுமே துணை என்று ஆனதும், சிக்ஸர்களாக விளாசி 46 பந்துகளில் 53 எடுத்தார். கடைசி விக்கெட்டுக்குக் கிடைத்த 39 ரன்னில் பிரசித்தின் பங்கு பூஜ்யம். அந்த 39 இல்லையென்றால் தொடர் 2-2 என்று முடிந்திருக்காது. இவரை நீ எந்தக் கட்சியில் சேர்ப்பாய்? லார்ட்ஸில் ஜடேஜாவுக்குத் துணையாக இருந்தவரும் பதினோராம் ஆட்டக்காரர்தானே என்று நீ கேட்பாய் என்று தெரியும். ஓவலில் விக்கெட் போனால் இழப்பது சில ரன்கள். லார்ட்ஸில் விக்கெட் போனால் ஆட்டமே போயிற்று. வாஷிங்டன் அடித்ததும் ஜடேஜா அடிக்காமல் இருந்ததும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள் என்றே நான் கருதுகிறேன்.

நவம்பரில் தென்னாப்பிரிக்கா கொல்கத்தாவுக்கும் குவாஹாட்டிக்கும் வருகிறது. மட்டையாளர் வரிசையில் புஜாராவின் அந்த மூன்றாம் இடத்துக்கு இன்னும் நிரந்தரமாக ஆள் அமையவில்லை. சாய் சுதர்சனா, வேறு யாருமா, அவர் எப்படி ஆட வேண்டும் என்பதை விரிவாக எழுது. ஆனால் இந்த முறை மான்செஸ்டருக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்கிவிட்டு எழுது. பொங்கலுக்கு இங்கே வருவதாகச் சொன்னாயே, பயணச்சீட்டு எடுத்துவிட்டாயா? வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்