சூறைக்காற்றில் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆகஸ்ட் 10 அன்று அயோவாவைப் புரட்டிப்போட்ட டெரேச்சோ என்ற நெடுந்தூரச் சூறைக்காற்றுக்குப் பிறகு எங்கள் ஊர் கன்ட்ரி கிளப்புக்கு வந்து உழைத்தீர்கள். ஊர்க்காரர்களுக்கு நிர்வாகக் குழுவின் ஆங்கிலக் கடிதம் போய்விட்டது. ஏம்ஸிலிருந்தும் டி மாயினிலிருந்தும் வந்த நம்மவர்களுக்கு எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கன்ட்ரி கிளப் என்றதும் ஜிம்கானா மாதிரி எதையோ நினைத்து வந்ததாக அப்புறம் சிலர் சொன்னீர்கள். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே 9 குழி கோல்ஃப் மைதானம், தகரக் கூரைக் கட்டடம், வெள்ளிக்கிழமை மீன் வறுவல், ஆளில்லாத நேரத்தில் கட்டணம் போட ஒரு பெட்டி. இவ்வளவுதான் எங்கள் கிளப். சம்பளத்துக்கு மைதானம் பார்ப்பவர் ஒருவரே.

சீடர் ராப்பிட்ஸில் காற்று மணிக்கு 140 மைலைத் தொட்டிருக்கலாம் என்று வானிலைத் துறை கணித்திருக்கிறது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை; ஆனாலும் பாதி மரம் போயிற்று. அதைவிடப் பெரிய கவலை கிரீன்கள்தான். கொடியைச் சுற்றியுள்ள அந்தப் புல்லை 3 மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டி வைத்திருப்போம். வறட்சி ஆண்டின் ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர் இல்லாவிட்டால் ஓரிரு நாளில் கருகிவிடும். கரண்ட் இல்லை, குளத்து மோட்டார் ஓடவில்லை. தன் வீட்டுக் கூரை பிய்ந்து, தானியக் குதிர் நசுங்கிக் கிடக்க, டிராக்டரில் ஓடும் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மோட்டாரில் இணைத்தார் பக்கத்து விவசாயி. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேரோடு சாய்ந்த மேப்பிள் ஒன்று மண்ணுக்கடியில் போன பைப்பையும் பிடுங்கிவிட்டது. அந்தப் பக்கத்துக் கிரீன்களுக்கு வண்டியில் டேங்க் ஏற்றி, ஹோஸ் பிடித்து நனைத்தவர்கள் ஏம்ஸ் மாணவர்கள். அங்கேயும் கரண்ட் இல்லாத நேரம் அது! தண்ணீரை நேராகப் பீய்ச்சாமல் மேலே தூக்கித் தூறலாக விட வேண்டும் என்று ஒருமுறை சொன்னதுமே பிடித்துக்கொண்டார்கள். ஒரு தம்பி கிரீனில் ஏறுமுன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். மைதானக்காரர் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ரம்பத்தோடு வந்த தீயணைப்புத் தொண்டர்களுக்கும், முகக்கவசத்தோடு கிளை இழுத்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி. டி மாயினிலிருந்து அண்டா நிறையப் புளியோதரை கொண்டுவந்த அக்கா, பன்றிக்கறி சாண்ட்விச்சுக்கு முன்னால் உங்கள் அண்டாதான் காலியானது.

பந்தை மறித்த மரம் விழுந்ததால் ஆறாவது குழி சுலபமாகிவிட்டது என்று சிலருக்கு உள்ளூரச் சந்தோஷம். எனக்கு இல்லை. வசந்தத்தில் அங்கே ஓக் கன்றுகள் நடுகிறோம்; வண்டு விட்டுவைக்காது என்பதால் ஆஷ் மரம் மட்டும் வேண்டாம் என்று முடிவு. கிரீன்கள் பிழைத்துவிட்டன. பனி விழுமுன் ஒரு ஞாயிறு வந்து ஆடிவிட்டுப் போங்கள். மட்டை நான் தருகிறேன், கட்டணப் பெட்டிப் பக்கம் போக வேண்டாம்.

அன்புடன்,
நிர்வாகக் குழுவில் இருக்கும் உங்கள் ஆள்
அக்டோபர் 2020